அகழ், தொடு, தோண்டு: மண்ணைப் பெயர்க்கும் சொற்களின் வேர்

'அகழாய்வு' என்ற சொல்லில் இருக்கும் 'அகழ்' என்பதற்கு என்ன பொருள்? அது எங்கிருந்து வந்தது? உள்ளே என்று பொருள்படும் 'அகம்' என்பதிலிருந்து பிறந்ததா? 'தோண்டு' என்ற எளிய சொல் கையில் இருக்கும்போது இது எதற்கு? கேள்வி இதுதான்.

முதலில் நேரான விடை. அகழ் என்றால் மண்ணைப் பெயர்த்து வெளியே எடு, பள்ளமாக்கு என்று பொருள். மிகப் பழைய வினைச்சொல். 'அகம்' அதற்குத் தாய் அல்ல. தோண்டு என்பதும் அதற்குப் பின்னால் வந்த கொச்சைச் சொல் அல்ல. அது 'தொடு' என்ற இன்னொரு பழைய வினையின் குடும்பம். இரண்டும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டாகத் தமிழில் அக்கம்பக்கமாக வாழ்கின்றன. ஒன்று தெருவோடு தங்கிவிட்டது, மற்றது ஏட்டோடு தங்கி இப்போது தொல்லியலின் வழியாக மறுபடி வெளியே வந்திருக்கிறது. இனி விரிவாகச் சொல்கிறேன்.

அகழ்ந்தான், அகழ்கிறான், அகழ்வான் என்று இந்த வினை திரியும். அகழ்தல், அகழ்வு என்பவை தொழிற்பெயர்கள். அகழி என்பது அகழ்ந்ததால் உண்டானது, அதாவது கோட்டையைச் சுற்றி வெட்டிய நீர்ப்பள்ளம். பழைய வழக்கில் வெறும் 'அகழ்' என்றாலே அகழியையும் குறிக்கும். வினையே பெயராகவும் நிற்கும். நிலத்தைத் துளைத்து வளை போடும் எலிக்கு அகழெலி என்று ஒரு பெயர் உண்டு. பேச்சில் 'அகழ்' என்று யாரும் சொல்வதில்லை என்றாலும், அகழி என்ற பிள்ளை மட்டும் எல்லோருக்கும் தெரிந்த சொல்லாக நின்றுவிட்டது. வேலூர்க் கோட்டையைப் பார்த்தவர்கள் எல்லோரும் அதைச் சுற்றிக் கிடக்கும் தண்ணீரை அகழி என்றுதான் சொல்வார்கள்.

அகழி எவ்வளவு பழைய சொல் என்பதற்குப் புறநானூற்றின் 21ஆம் பாட்டைப் பார்த்தால் போதும். பாண்டிய மன்னன் உக்கிரப்பெருவழுதி வென்ற கானப்பேர் எயிலை, அதாவது கோட்டையை, ஐயூர் மூலங்கிழார் பாடுகிறார். கானப்பேர் என்பது இன்றைய காளையார்கோவில். 'நிலவரை இறந்த குண்டுகண் அகழி, வான்தோய்வு அன்ன புரிசை' என்று கோட்டையைக் கீழிருந்து மேலாகக் காட்டுகிறார். குண்டு என்றால் இங்கே ஆழம். நிலத்தின் எல்லையையே தாண்டிக் கீழே போய்விட்ட ஆழமான அகழி. அதற்கு மேலே வானத்தைத் தொடுவது போன்ற மதில். கீழே அளவு கடந்தது ஒன்று, மேலே அளவு கடந்தது ஒன்று. அகழியிலிருந்து எடுத்த மண்தான் பல கோட்டைகளில் மதிலுக்கும் மேட்டுக்கும் போனது என்பதை நினைத்துக்கொண்டு இந்த வரியைப் படித்தால், ஆழமும் உயரமும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள் என்பது விளங்கும்.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரைக்குள் நுழையும் இடம் எனக்கு இன்னும் பிடித்தது. 'இலங்குநீர்ப் பரப்பின் வலம்புணர் அகழியில் பெருங்கை யானை இனநிரை பெயரும் சுருங்கை வீதி மருங்கிற் போகி' என்று வருகிறது. அகழியை ஒட்டி, யானைக்கூட்டம் போய்வரும் அளவுக்குப் பெரிய சுரங்கப்பாதை. அதன் வழியாகப் போய், வாள் ஏந்திய யவனர் காவல் நின்ற வாயிலைக் கடந்து உள்ளே போகிறான். சுருங்கை என்பது நம்முடைய சுரங்கம்தான். இந்தச் சொல் வடமொழியில் சுருங்கா என்று இருக்கிறது; குழல், குழாய் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் சிரிங்ஸ் இந்தியாவுக்கு வந்து இப்படி ஆயிற்று என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. யவனர் என்று நம் முன்னோர் சொன்னது கிரேக்கரையும் உரோமரையும். அப்படியானால் மண்ணை அகழ்ந்த தமிழ்ச் சொல்லும், நிலத்தடிப் பாதைக்கு வந்த கிரேக்கச் சொல்லும், அந்த மொழி பேசியவர்களும் அடுத்தடுத்த நாலைந்து அடிகளுக்குள் ஒன்றாக நிற்கிறார்கள். இளங்கோவுக்கு இது தெரிந்திருக்க வேண்டியதில்லை. நமக்குத் தெரிவதால் அந்தப் பகுதி இன்னும் சுவையாகிறது.

அகழிக்கு இன்னொரு பெயரும் அப்போதே இருந்தது: கிடங்கு. மதுரைக்காஞ்சி 'மண்ணுற ஆழ்ந்த மணிநீர்க் கிடங்கின்' என்கிறது. இன்று தமிழ்நாட்டில் கிடங்கு என்றால் சரக்கு அடுக்கும் இடம். யாழ்ப்பாணத்திலோ கிடங்கு என்றால் இன்னும் பள்ளம்தான். றோட்டில் கிடங்கு, கிடங்கு கிண்டினான் என்பது அங்கே அன்றாடப் பேச்சு. ஆழமாக வெட்டிய இடம் பண்டம் சேமிக்கும் இடமாகி, அந்தப் பொருளோடு மலாய் மொழிக்குப் போய்க் 'குடாங்' ஆகி, அங்கிருந்து ஐரோப்பியர் வாயில் 'கொடவுன்' ஆகித் திரும்பி வந்தது என்று கருதுகிறார்கள். தெலுங்கிலும் இதற்கு இணையான சொல் இருப்பதால் தமிழா தெலுங்கா என்று அடித்துச் சொல்வது கடினம். தென்னிந்தியக் கரையிலிருந்து போனது என்பது வரை உறுதி.

சரி, அகழ் என்பதன் வேருக்கு வருவோம். ஒரு சொல்லின் வேரைப் பார்க்க வேண்டுமென்றால் அதன் உடன்பிறப்புகளைப் பார்க்க வேண்டும். மொழியறிஞர்கள் பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டு, 1984இல் திருத்திப் பதிப்பித்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி இதற்குத்தான் உதவுகிறது. கன்னடத்தில் அகழ் என்றே பழைய வடிவம், பிறகு அகளு. பொருள் அகழி, நீண்ட பள்ளம். கன்னடத்தில் இன்றும் தோண்டு என்பதற்கு 'அகெ' என்பார்கள். துளுவில் அகளு. தெலுங்கில் கோட்டை அகழிக்குப் பெயர் 'அகட்த', நடுவில் வரும் டகரத்தை மெலிதாகச் சொல்ல வேண்டும்.

இந்தத் தெலுங்கு வடிவம் முதலில் தொடர்பில்லாதது போலத் தோன்றும். ஆனால் தமிழின் ழகரம் மற்ற மொழிகளில் என்ன ஆகிறது என்று பார்த்தால் சிக்கல் தீர்ந்துவிடும். நம்முடைய ஏழு கன்னடத்தில் ஏளு, தெலுங்கில் ஏடு. நம்முடைய கோழி கன்னடத்தில் கோளி, தெலுங்கில் கோடி. அதே ஒழுங்குதான் இங்கேயும்: அகழ், அகளு, அகட்த. இப்படி ஒலிமாற்றம் வரிசை பிசகாமல் பொருந்தும்போதுதான் இவை ஒரே தாயின் பிள்ளைகள் என்று நம்பலாம். வெறுமனே காதுக்கு ஒத்து ஒலிப்பது போதாது. சிங்களத்தில்கூட அகழிக்கு 'அகல' என்றுதான் பெயர். தென்னிந்தியச் சொல் ஒன்று அங்கே போய்க் குடியேறியது என்று கொள்வதே பொருத்தம்.

இதை வைத்துக்கொண்டு 'அகம்' பற்றிய கேள்வியைப் பார்க்கலாம். மண்ணின் அகத்துக்குப் போவதால் அகழ்தல் என்ற விளக்கம் கேட்க நன்றாக இருக்கிறது. பலரும் மேடையில் சொல்கிறார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. அகம் என்ற பெயரோடு ழகர மெய்யை ஒட்டி வினையாக்கும் வழக்கம் தமிழில் கிடையாது. அப்படி ஒன்று இருந்தால் இகழ், புகழ் எல்லாவற்றுக்கும் இகம், புகம் என்று தேட வேண்டிவரும். மேலும் கன்னடத்தின் 'அகெ' ழகரமே இல்லாமல் தோண்டு என்ற பொருளைத் தருகிறது. அப்படியானால் அடிச்சொல்லே தோண்டுவதைக் குறித்திருக்க வேண்டும், ழகரம் பின்னால் சேர்ந்த ஈறாக இருக்கலாம். அகம் என்ற சொல்லை அகராதியாளர்கள் தனிக் குடும்பமாகவே வைத்திருக்கிறார்கள். அகழ்ந்தால் அகம் தெரியும் என்று கவிதையில் எழுதலாம். சொற்பிறப்பாக எழுதக் கூடாது.

இன்னொரு குழப்பம் அகல் என்ற சொல்லோடு. அகல் என்றால் விரிந்திரு, விலகிப் போ. அகலம், அகன்ற என்பவை அந்தக் குடும்பம். பள்ளம் அகலமாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்து 'அகல்வாராய்ச்சி' என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேறு என்பதைக் காட்ட ஒரு குறுந்தொகைப் பாட்டே இருக்கிறது, 233ஆம் பாட்டு: 'கவலை கெண்டிய அகல்வாய்ச் சிறுகுழி'. கவலை என்பது ஒரு கொடி. அதன் கிழங்குக்காக யாரோ நிலத்தைக் கிளறிப் போட்டிருக்கிறார்கள். குழி சிறியது, ஆனால் வாய் அகன்றது. கிழங்கு தோண்டியவர்களுக்கு இது ஏன் என்று தெரியும்: கிழங்கு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாததால் சுற்றிலும் மண்ணைச் சரித்துக்கொண்டே போக வேண்டும், அதனால் மேலே அகன்று கீழே குறுகும். அந்தக் குழிக்குள் கொன்றைப் பூக்கள் உதிர்ந்து கிடக்கின்றன. பணக்காரர் வீட்டில் பொன் போட்டு வைத்த பேழையின் மூடியைத் திறந்தது போல இருக்கிறது என்கிறார் பேயனார். இங்கே அகல் என்பது வாயின் விரிவு. தோண்டிய வேலையைச் சொல்வது கெண்டு என்ற வேறொரு வினை.

இனித் தோண்டு. இதன் கதைதான் எனக்கு அகழை விடவும் சுவையாகப் படுகிறது, ஏனென்றால் இதன் தாய்ச்சொல்லை நாம் கண் முன்னால் வைத்துக்கொண்டே தவறாகப் படிக்கிறோம். 'தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக் கற்றனைத் தூறும் அறிவு' என்ற குறளைப் பள்ளியில் படிக்காதவர் இல்லை. தொட்டனைத்து என்றால் தொட்ட அளவு. தொட்ட அளவு என்றால்? கையால் தீண்டிய அளவு அல்ல, தோண்டிய அளவு. பழந்தமிழில் தொடு என்று ஒரே வடிவில் வேறு வேறு வினைகள் இருந்தன. தொட்டான் என்றால் தீண்டினான். தொட்டான் என்றால் தோண்டினான் என்றும் ஆகும். பூவைத் தொடுத்தான் என்பது இன்னொன்று. தீண்டும் தொடுவும் தொடுக்கும் தொடுவும் பிழைத்தன. தோண்டும் தொடு பேச்சிலிருந்து மறைந்து குறளிலும் பழம்பாட்டிலும் மட்டும் நிற்கிறது.

அந்தக் குறளின் முழு அழகும் இந்தப் பொருள் தெரிந்தால்தான் தெரியும். வள்ளுவர் சொல்வது கட்டிய கிணற்றை அல்ல, மணற்கேணியை. வறண்ட ஆற்றில் மணலைக் கையால் பறித்து ஊற்று எடுத்திருந்தால் இது புரியும். முழங்கை ஆழத்தில் மணல் ஈரமாகிறது. இன்னும் கொஞ்சம் போனால் குழியின் அடியில் கலங்கலாக நீர் கசிகிறது. அந்த நேரம் பார்த்துப் பக்க மணல் சரிந்து உள்ளே விழும். அதை மறுபடி வாரிப் போட வேண்டும். கலங்கல் நீரை இறைத்துக் கொட்ட வேண்டும். அப்புறம்தான் தெளிந்த நீர் வரும். தோண்டுவதை நிறுத்தினால் மணல் மூடிக்கொள்ளும். ஆகவே தோண்டிய அளவுதான் ஊறும், ஒரு பிடி குறைந்தால் ஒரு கை நீர் குறையும். பாறையில் வெட்டிய கிணற்றைச் சொல்லியிருந்தால், ஒருமுறை வெட்டி முடித்த பிறகு நீர் தானாக நிற்கும் என்று ஆகிவிடும். மணற்கேணி என்று எடுத்ததில்தான் உவமையின் உயிர் இருக்கிறது. 'தொட்டவுடன் ஊறும்' என்று படித்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். உழைப்பைச் சொல்ல வந்த குறள் எளிமையைச் சொல்வதாக மாறிவிடும்.

இதே தொடு பட்டினப்பாலையில் கரிகாலனைப் பாடும் இடத்தில் வருகிறது: 'காடு கொன்று நாடாக்கிக் குளம் தொட்டு வளம் பெருக்கி'. குளத்தைத் தொட்டான் என்றால் வெட்டினான். புறநானூற்று 6ஆம் பாட்டில் காரிகிழார் கீழ்க்கடலைத் 'தொடுகடல்' என்கிறார். தோண்டப்பட்ட கடல். சகரன் மக்கள் வேள்விக் குதிரையைத் தேடி நிலத்தைத் தோண்டியதால் கடல் உண்டாயிற்று, அதனால் அதற்குச் சாகரம் என்று பெயர் என்ற பழங்கதையைத்தான் இந்தச் சொல்லாட்சி சுட்டுகிறது என்று உரைகாரர் விளக்குவர்.

தொடு எப்படித் தோண்டு ஆயிற்று? தமிழில் கெடு என்ற வினை நீண்டு கேடு என்ற பெயராகிறது. விடு, வீடு. சுடு, சூடு. படு, பாடு. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று இலக்கணத்தில் படிப்பது இதுதான். இதே வழியில் தொடு என்பதற்குத் தோடு என்று வர வேண்டும். வந்திருக்கிறதா என்றால், நம் அக்கம்பக்கத்து மொழிகளில் இருக்கிறது. மலையாளத்தில் தோடு என்றால் சிறு ஓடை, வாய்க்கால். துளுவிலும் அப்படியே. கன்னடத்தில் தோடு என்பது தோண்டு என்ற வினையாகவே வழங்குகிறது. தமிழிலும் மலையாளத்திலும் அதன் நடுவில் மூக்கொலி ஒன்று சேர்ந்து தோண்டு ஆகியிருக்கிறது. ஆக, கேரளத்து வயலோரம் ஓடும் தோட்டுக்கும் நம் ஊர் தோண்டிய பள்ளத்துக்கும் வேர் ஒன்று.

தெலுங்கில் தோடு என்பதற்குக் கிணற்றிலிருந்து நீரை எடுத்தல், சேந்துதல் என்றும் பொருள் உண்டு. இது நம்முடைய தோண்டி என்ற பாத்திரத்தை விளக்க உதவுகிறது. நீர் சேந்தும் சிறு குடத்துக்குத் தோண்டி என்று பெயர். மண்ணைத் தோண்டாத பாத்திரத்துக்கு ஏன் இந்தப் பெயர் என்று கேட்டால், இந்த வினை முதலில் மண்ணை மட்டும் குறிக்கவில்லை, உள்ளிருப்பதை முகந்து வெளியே எடுப்பதைக் குறித்தது என்பதே நான் காணும் விடை. மண்ணை முகந்தாலும் தோண்டல், நீரை முகந்தாலும் தோண்டல்.

தோண்டு பிற்காலச் சொல் என்ற எண்ணம் தவறு என்று தொடக்கத்தில் சொன்னேன். நற்றிணையில் ஒரு காட்டுவழிக் காட்சி. கணிச்சி என்ற கூரிய கருவியால் குழித்த கிணறு; அதன் பக்கத்தில் மாடு மேய்ப்பவர்கள் தங்கள் மாடுகளுக்காகத் தோண்டி வைத்த சிறு நீர்ப்பள்ளம், அதற்குப் பத்தல் என்று பெயர்; அந்த நீரை யானைக்கூட்டம் வந்து பறித்துக்கொள்கிறது. 'ஆன்வழிப் படுநர் தோண்டிய பத்தல்' என்பது பாட்டின் சொல். ஒரே காட்சியில் குழி, தோண்டு என இரண்டு வினைகள் வேலை பார்க்கின்றன: கருவி கொண்டு ஆழமாக எடுத்தது குழித்தல், மாடு குடிக்க மேலாகப் பறித்தது தோண்டல்.

இந்த நுட்பம் பழந்தமிழில் எங்கும் இருக்கிறது. நிலத்தைத் தோண்டுவதற்கு ஒரே சொல் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. இடத்தல் என்று ஒரு சொல். குத்திக் கெல்லிப் பெயர்த்தெடுப்பது. கரடி நகத்தால் புற்றை இடக்கும். பன்றி உருவெடுத்த திருமால் நிலத்தை இடந்தார், அதனால்தான் பொய்கையாழ்வார் 'இடந்தது பூமி எடுத்தது குன்றம்' என்று பாடினார். கண்ணப்பர் தம் கண்ணை அம்பால் இடந்து அப்பினார். மூன்றிலும் கூரான ஒன்று உள்ளே போய், இருப்பதை வேரோடு பெயர்க்கிறது. இங்கே அகழ்ந்தார் என்றோ தோண்டினார் என்றோ போட்டுப் பாருங்கள், பொருள் வரும், வேகம் வராது.

கல்லுதல் என்று இன்னொன்று. எலி வளை தோண்டுவதற்குச் சரியான சொல். 'மலையைக் கல்லி எலியைப் பிடித்தாற்போல' என்ற பழமொழியில் அது உயிரோடு இருக்கிறது. கெல்லி என்றும் சொல்வார்கள். இதை வைத்துக் கல்வி என்றால் தோண்டுதல், மனத்தைத் தோண்டி அறியாமையை எடுப்பது என்று விளக்குபவர்கள் நிறைய. மேலே பார்த்த மணற்கேணிக் குறளில் தோண்டலும் கற்றலும் சேர்ந்தே வருவது அவர்களுக்குத் துணையாகிவிடுகிறது. ஆனால் வினை திரியும் முறையைப் பாருங்கள். படி என்ற பொருளுள்ள கல் கற்றான், கற்கிறான், கற்பான் என்று போகும். தோண்டு என்ற பொருளுள்ள கல்லு கல்லினான், கல்லுகிறான், கல்லுவான் என்று போகும். தமிழ் இவற்றை இரண்டு தனி வினைகளாகவே நடத்துகிறது. மிகத் தொலைவில் ஓர் உறவு இருந்திருக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை நிறுவ ஒலி ஒற்றுமைக்கு மேல் ஒன்றும் நம்மிடம் இல்லை. குறளில் வள்ளுவர் தோண்டலைச் சொல்லக் கல்லுதலை எடுக்காமல் தொடுதலை எடுத்திருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்றைய பேச்சிலும் இந்தப் பங்கீடு அப்படியே தொடர்கிறது. கிணறு வெட்டினார்கள், குளம் வெட்டினார்கள், வாய்க்கால் வெட்டினார்கள் என்போம். திட்டமிட்டு, அளவு பார்த்து, நிலைத்து நிற்கும்படி செய்வதற்கு வெட்டு. கருவிக்கும் மண்வெட்டி என்றே பெயர். மரம் நடக் குழி தோண்டுவோம் அல்லது பறிப்போம். குழி பறித்தான் என்றால் கேடு சூழ்ந்தான் என்றும் ஆகும். மேல்மண்ணைப் புரட்டினால் கொத்துதல், கிளறுதல். விரல் நுனியாலோ குச்சியாலோ சின்னதாகச் செய்தால் நோண்டுதல். தோண்டித் துருவிக் கேட்டான் என்று பேச்சுக்கும் இந்த வேலை பரவுகிறது. யாழ்ப்பாணத்தில் கிண்டு என்பதே பொதுச்சொல், கிணறும் கிண்டுவார்கள். தமிழ்நாட்டில் கிண்டுவது உப்புமாவும் அல்வாவும்தான்.

இவ்வளவு சொற்கள் வேலைக்கு நின்றதால் அகழ் பேச்சிலிருந்து விலகியதில் வியப்பில்லை. ஆனால் இலக்கியத்தில் அதை அழியவிடாமல் காத்தது ஒரு குறள் என்று நினைக்கிறேன்: 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை'. அகழ், இகழ் என்ற எதுகைக்காக மட்டும் அந்தச் சொல் அங்கே நிற்கவில்லை. குழிக்குள் இறங்கித் தோண்டுகிறவனைக் கவனித்தால் தெரியும்: அவன் நிலத்தைப் பெயர்த்துப் பெயர்த்து வெளியே எறிகிறான், அதே நேரத்தில் அவன் இரண்டு காலும் அந்த நிலத்தின் மேல்தான் ஊன்றியிருக்கின்றன. எவ்வளவு ஆழம் போனாலும் அவன் விழுந்துவிடாமல் அடியில் நின்று தாங்குவது அவன் காயப்படுத்தும் அதே நிலம். பரிமேலழகர் 'வீழாமல்' என்று ஒரு சொல்லைச் சேர்த்து உரை சொன்னது இதற்காகத்தான்.

இருபதாம் நூற்றாண்டில் தொல்லியல் தமிழில் எழுதப்பட்டபோது அகழ் மறுபடி வேலைக்கு வந்தது. ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியர் ஜாகர் தோண்டியபோதும், 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோதும் அறிக்கைகள் தமிழில் இல்லை. பிற்பாடு தமிழில் எழுத வேண்டியபோது 'தோண்டல் ஆய்வு' என்று வைக்காமல் அகழாய்வு என்று வைத்தது நல்ல தேர்வு என்பேன். தோண்டு என்ற சொல்லில் அடியில் இருக்கும் ஏதோ ஒன்றை எடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் ஏறிப்போயிருக்கிறது. புதையல் தோண்டு என்றுதான் வாய் போகும். தொல்லியலில் எடுக்கும் பொருளுக்கு இணையாக, அதைச் சூழ்ந்த மண்ணும் சான்று. குழியைச் சதுரமாகக் குறித்து, நடுவில் மண்சுவர் விட்டு, சில சென்டிமீட்டர் வீதம் அடுக்கடுக்காக எடுத்து, எடுத்த மண்ணைச் சலித்து, எந்தப் பானையோடு எந்த அடுக்கில் கிடந்தது என்று பதிவார்கள். எலி போட்ட பழைய வளைகளைக்கூடத் தேடிக் குறித்துவைப்பார்கள், ஏனென்றால் அந்த வளை வழியாக மேல் அடுக்கின் மணி ஒன்று கீழே இறங்கியிருந்தால் காலக் கணக்கே பிசகிவிடும். கீழடியில் 2014-15இல் இந்திய அரசின் தொல்லியல் துறை தொடங்கி, 2018 முதல் மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்த பணிக்குப் பிறகு, அகழாய்வு என்பது தேநீர்க்கடையில் செய்தித்தாள் படிக்கிறவர் வாயிலும் சாதாரணமாக வருகிறது. பல நூற்றாண்டு பேச்சில் இல்லாத ஒரு வினை இப்படித் திரும்பியது மகிழ்ச்சியான விஷயம்.

ஆனாலும் தமிழ்நாட்டுச் செய்தியில் ஒரு கோடு இருக்கிறது. புதைத்த உடலை வழக்குக்காக வெளியே எடுத்தால் 'தோண்டியெடுத்தனர்'. பழம்பொருளை எடுத்தால் 'அகழ்ந்தெடுத்தனர்'. இலங்கையில் அந்தக் கோடு இல்லை. அங்கே மணல் அகழ்வு, புதைகுழி அகழ்வு என்று எல்லாவற்றுக்கும் அகழ்வுதான். தமிழ்நாட்டில் ஆற்றில் மணல் 'அள்ளுகிறார்கள்', இலங்கையில் 'அகழ்கிறார்கள்'. பேச்சில் தமிழ்நாட்டார் பொக்லைன் என்று சொல்லும் எந்திரத்துக்கு அங்கே பெக்கோ என்று பெயர், ஆனால் அது செய்யும் வேலைக்குச் செய்தித்தாளில் வைக்கும் பெயர் புறநானூற்றுச் சொல்.

கடைசியாக எழுத்து. அகழ் + ஆய்வு = அகழாய்வு. அகழ்ந்த ஆய்வு, அகழ்கின்ற ஆய்வு, அகழும் ஆய்வு என்று மூன்று காலத்துக்கும் விரியும் வினைத்தொகை. அகழ்வு + ஆய்வு = அகழ்வாய்வு. அகழ்வு + ஆராய்ச்சி = அகழ்வாராய்ச்சி. மூன்றும் சரி, சுருக்கமாக இருப்பதால் நான் முதலாவதையே எழுதுவேன். 'அகழ்வாரய்ச்சி', 'அகல்வாய்வு', 'அகளாய்வு' மூன்றும் பிழை.